இரண்டாவது மைக்

“கடை திறக்க இன்னும் நேரமிருக்கு அக்கா. சாயங்காலமா வாங்களேன்.”

“நான் குடிக்க வரல. என் புருஷன்கூட இங்க ஜோடிப் பாட்டுப் பாடினவ யாருன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

முள்ளங்கி சீவிக்கொண்டிருந்த மிசாவோவின் கத்தி நின்றது. சகாதா துறைமுகத்துச் சந்தில் வாடிக்கையாளர்கள் மைக் பிடித்துப் பாடும் அந்தச் சின்னக் கரோக்கி பாரைத் தன்னந்தனியாக நடத்துகிறவள் அவள். வந்து நிற்பது யார் என்று துக்கத்துக்கான கறுப்பு உடையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“எய்ஜி அண்ணனோட வீட்டம்மாவா? உள்ளே வாங்க, உட்காருங்க. டீ போடறேன்.”

“டீ கிடக்கட்டும்.” தோகியே செருப்பைக்கூடச் சரியாக விடாமல் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். “பதில் சொல்லு.”

நேற்று வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. எய்ஜியின் கூட்டாளி இவாவோ வந்தான். வீட்டு மாடத்தில் எய்ஜியின் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினான். ஒரு கிண்ணம் சாகே மது உள்ளே போனதும் உளறிவிட்டான். ‘பாவம் அண்ணி, வியாழக்கிழமை ஆனா அண்ணன் பாடுவாரே ஒரு ஜோடிப் பாட்டு, அந்த இன்னொரு மைக் இனி அநாதைதான்.’

வியாழக்கிழமை! மீனவர் சங்கக் கூட்டம் என்று தலை வாரிக்கொண்டு கிளம்புவாரே, அந்த வியாழக்கிழமை!

“வீட்டுல ஒரு வரி முணுமுணுத்ததில்ல அந்த மனுஷன்” என்றாள் தோகியே. “குளிக்கிறப்பகூட வாயைத் திறக்க மாட்டார். இங்க வந்து டூயட்டா?”

மிசாவோ கையைத் துடைத்துக்கொண்டாள். “வீட்டுல பாட முடியாதும்பார். பாடினா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களாம்.”

“அடேயப்பா, என் மேல என்ன அக்கறை! அப்போ அவ ஒருத்தி இருக்கறது நிஜம்.”

“அக்கா, அவ பேரை உங்க முன்னாடி சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். கேட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னு அழுதாரு.”

“அழுதாராமே! வலைக் கயிறு அறுந்து விரல் துண்டானப்போ அழாத ஆள்!” தோகியேவின் குரல் ஏறியது. “சரி, பேரை விடு. சின்ன வயசா?”

“ரொம்பச் சின்னப் பொண்ணுக்கா.”

“அழகா இருப்பாளா?”

“சிரிச்சா கன்னத்துல குழி விழும்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவார்.”

“வாரா வாரம் வருவாளோ?”

மிசாவோ தலையைக் குனிந்துகொண்டாள். “அவர் வந்தா அவளும் கூடவேதான். அவருக்கு ஒரு சாகே வைப்பேன், பக்கத்துல அவளுக்கு ஒரு ஜூஸ்.”

“ஓஹோ, குடிக்காத உத்தமி!”

மிசாவோ கன்னத்தில் அறை வாங்கியவள்போல நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தோகியே விட்டால்தானே!

“கேட்டுக்கோ. அவர் போய் நாளைக்கு நாற்பத்தொன்பதாம் நாள். எரிச்சு எடுத்த எலும்பைக் குடும்பக் கல்லறையில வைக்கணும். நான் போனா நானும் அதே கல்லுக்கு அடியிலதான். செத்தும் அவர் பக்கத்துல கிடக்கணுமா வேண்டாமான்னு இன்னிக்குள்ள எனக்குத் தெரியணும். வேண்டாம்னா பிக்குகிட்டச் சொல்லி அவர் எலும்பு ஜாடியை, ஊரார் எலும்பெல்லாம் கிடக்கிற கோயில் பொது மண்டபத்துல தள்ளிடுவேன். பொம்பளைங்க இப்பல்லாம் அப்படித்தான் பண்றாங்க, டி.வி.யில பார்த்தேன்.”

“ஐயோ, அப்படி மட்டும் பண்ணிடாதீங்க!”

“ஏன், அவளைக் கொண்டுபோய் அவர் பக்கத்துல வைக்கப் போறியா?”

மிசாவோவின் முகம் வெளுத்தது.

“முகமே சொல்லுதே!” தோகியே கைப்பையை எடுத்தாள். கோபத்துக்குக் கீழே இருந்தது வேறொன்று. அத்தனை வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, பேச்சே இல்லாமல் சாப்பிட்டார்கள். பேச்செல்லாம் இங்கே கொட்டியிருக்கிறது. “என்கிட்ட இல்லாத எது அவகிட்ட இருந்துதுன்னாவது சொல்லு. நான் கிளம்பறேன்.”

“உட்காருங்க அக்கா.” மிசாவோ கவுன்ட்டரைச் சுற்றி வந்து அவள் தோளைப் பிடித்தாள். “நீங்க வேற யாரையோ மனசுல வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. இவ்வளவு நேரம் எனக்கு அது உறைக்கல.”

“நீ ஒண்ணும் மழுப்ப வேண்டாம்.”

“ஒருதரம் கப்பல்காரன் ஒருத்தன் தமாஷா அந்த மைக்கை எடுத்து அவ பங்கைப் பாடப் போனான். எய்ஜி அண்ணன் சட்டையைப் பிடிச்சுட்டார். அது அவ இடம், அவ மட்டும்தான் பாடணும்னார். ஒரு வரி இவர் பாடுவார். அடுத்த வரிக்கு மியூசிக் மட்டும் ஓடும். இவர் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்பார். கடையே மூச்சு விடாம இருக்கும்.”

“மியூசிக் மட்டுமா? அப்போ அவ?”

மிசாவோ கரோக்கிப் பெட்டியில் ஓர் எண்ணைத் தட்டினாள். திரையில் காதல் ஜோடி எதுவும் வரவில்லை. குடை பிடித்த நத்தை ஒன்று மழையில் குதித்துக் குதித்துப் போனது. நர்சரிப் பள்ளிக்கூடத்துப் பாட்டு.

தோகியேவின் கை நாற்காலி விளிம்பை இறுகப் பற்றியது.

“வாக்கை மீறறேன், அண்ணன் மன்னிக்கட்டும்” என்று மிசாவோ மெல்லச் சொன்னாள். “கொஹரு.”

ஏழு வயதில் காய்ச்சலில் போன மகளின் பெயர். சின்னஞ்சிறு சவப்பெட்டி வாசலைத் தாண்டிய அன்றே, இனி இந்த வீட்டில் யார் வாயிலும் அந்தப் பெயரும் அவள் பாடிய பாட்டும் வரக் கூடாது என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியவள் தோகியேதான்.