இன்னொரு தபா

"இன்னொரு தபா! இன்னொரு தபா!"

மேடை ஓரத்தில் நின்று முதலில் குரல் கொடுத்தவர் கச்சேரியை ஏற்பாடு செய்த லோகநாதன்தான். அவரோடு சேர்ந்து ஊரே கத்தியது. பூவராகவன் கிடாரின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதே பாட்டை மறுபடி எடுத்தான்.

"நாத்து நட்ட காலு சாமி, நவுந்து போவாது
நாலு ஜீப்பு வந்தாலும் எழுந்து நிக்காது!"

அவனே எழுதி அவனே மெட்டுக் கட்டிய பாட்டு. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரின் வயல்களை ஏதோ ஒரு கம்பெனி வளைக்கப் போகிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே எழுதிவிட்டான். அது அவன் அக்கா அங்காளம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர். அவளுக்கும் இங்கே ஒரு ஏக்கர் நஞ்சை இருந்தது.

அக்கா முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். தம்பியின் பாட்டைக் கேட்க அவள் வந்தது இதுதான் முதல் தடவை.

பெரம்பூரில் ஒரு பேண்டு கோஷ்டியோடு சுற்றி கிடார் கற்றுக்கொண்டவன் பூவராகவன். அடுத்தவன் பாட்டைப் பாட மாட்டான். "மெட்டு ஜோரா இருக்கு, பாஷையை மட்டும் மாத்திக்குங்க" என்று ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் சொன்னபோது, "எங்க ஊருல இப்டித்தான் சார் பேசுவாங்க" என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். பேர் போடாமல் மெட்டை மட்டும் கேட்ட சினிமாக்காரரிடமும் அதே கதைதான்.

அதன்பிறகு மீஞ்சூர் சந்தை, பெரியபாளையம் ஆடித் திருவிழா என்று அலைந்தான். மைக் இல்லாமல் கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. "இந்தப் பொட்டியக் கட்டிக்கினு அழுவுறியே, இன்னாடா கண்ட?" என்று அக்கா பார்க்கும்போதெல்லாம் திட்டுவாள்.

போன மாதம்தான் லோகநாதன் அவனைத் தேடி வந்தார். "மீஞ்சூர்ல ஒம் பாட்டக் கேட்டேன்பா. ராவெல்லாம் தூக்கமில்ல. இத ஒங்க அக்கா ஊரு ஜனம் கேக்க வேணாமா? மேடை, மைக்செட்டு எல்லாம் எம் பொறுப்பு."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் சுவரில் போஸ்டர் ஒட்டினார். தன் பேரைக் கொட்டை எழுத்தில் பார்த்த பூவராகவன், இரண்டு ரயிலை விட்டுவிட்டு அங்கேயே நின்றான்.

லோகநாதன் ஒன்றுதான் கேட்டார். "பகல்லயே ஆரம்பிச்சி, வெளிச்சம் இருக்கச்சொல்லவே முடிச்சிடணும்."

"வெயில்லயாண்ணே? கச்சேரின்னா ராத்திரிதானே கூட்டம் சேரும்?"

"நீ அவங்க ஊட்டுப் புள்ளப்பா. ஒங்க அக்காவ முன்னால குந்த வெய்யி, எல்லாரும் தானா வருவாங்க."

அக்காவை வரவழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இரண்டு மாதமாக அவளும் ஊர்ப் பெண்களும் வயல் வரப்பிலேயே காவல் இருந்தார்கள். நிலம் அளக்கச் சங்கிலியோடு ஜீப் வந்தால் குறுக்கே படுத்துக்கொள்வார்கள். "அளக்க மட்டும் விட்டுடாதீங்க. கல்லு நட்டு வேலி போட்டுட்டா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று பொன்னேரி வக்கீல் சொல்லியிருந்தார்.

"நா எப்டிடா வருவேன்? வயலு தனியா கெடக்கும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமக்கா. எந்த ஆபீசரு வருவான்? நீ கேக்காத பாட்ட ஊரு கேட்டு இன்னா பிரயோஜனம்? எனக்காவ வாக்கா."

அங்காளம்மாள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். காலில் ஒட்டிய சேற்றைக் கழுவினாள். "சரி, வரேன். எல்லாரையும் இட்டுக்கினே வரேன், போ."

ஏரிக்கரை மேடையில் பாட்டு முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அக்கா மேடைக்கே ஏறி வந்து அவன் கன்னத்தை வழித்தாள். "இத்தினி நாளு தெரியாமப் பூட்சேடா. நல்லாப் பாடற, நைனா." பத்து வருஷம் அலைந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டே வயலுக்கு நடந்தான். பெண்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

ஏரிக்கரை திரும்பியதும் முணுமுணுப்பு நின்றது.

பால் பிடித்த நெல்லின் நடுவே வரிசையாகச் சுண்ணாம்பு அடித்த கற்கள் நின்றன. அவற்றைச் சுற்றி முள்கம்பி ஓடியது. பயிரை நசுக்கிக்கொண்டு மூன்று ஜீப்புகள் நின்றிருந்தன. கம்பிக்கு இந்தப் பக்கம் லத்தியோடு போலீஸ்காரர்கள்.

அங்காளம்மாள் ஓடிப்போய் ஒரு கல்லைப் பிடுங்கப் பார்த்தாள். போலீஸ்காரர் ஒருவர் லத்தியைக் குறுக்கே நீட்டினார். அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மாசமாக் காத்தோமேடா. இன்னிக்கு ஒரு பொழுது எழுந்தோம்... எப்டிடா தெரிஞ்சிச்சி இவனுங்களுக்கு?"

பூவராகவன் கிடார் தோளில் ஆட, முன்னால் நின்ற ஜீப்பை நோக்கிப் போனான். அக்காவும் எழுந்து அவன் பின்னாலேயே வந்தாள்.

"யார் சார் நீங்க? ஆளில்லாத நேரம் பாத்து அளக்கறீங்களே, இது நாயமா?"

ஜீப்பில் சாய்ந்து நின்ற கம்பெனி அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை கிடாரில் வந்து நின்றதும் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, அக்காவின் காதிலும் விழும்படி, ஜீப்பின் பின்சீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"லோகநாதன், அடுத்த ஊருக்கும் இவரையே பேசிடுங்க!"