மெத்தை வைத்த மேசை

மாமியார் தூங்கிவிட்டாள் என்ற தைரியத்தில்தான் அஸ்ஃபியா டேப்பை எடுத்து அவளுடைய நாற்காலியின் உயரத்தை அளந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த மும்தாஜ் பேகம் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டு இஞ்சு," என்று கிசுகிசுத்தாள் அஸ்ஃபியா.

"பைய பேசுங்க லாத்தா, முழிச்சிரப் போறாங்க," என்றாள் இளைய மருமகள் ஜைத்தூன்.

மும்தாஜுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. மருமகள்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ திட்டம் போடுகிறார்கள்.

மேலப்பாளையத்தில் அந்த வீட்டில் இருப்பது இந்த மூன்று பெண்கள்தான். மகன்கள் இருவரும் துபாயில். வெள்ளிக்கிழமை மதியம் தரையில் பாய் விரித்து, சஹன் என்கிற பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் கொட்டி, மூவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது வழக்கம்.

முழங்கால் ஆபரேஷனோடு அது போயிற்று. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மாதமாக மும்தாஜுக்கு நாற்காலியும் தனித்தட்டும்தான். கீழே அவர்கள் சிரித்துப் பேசிச் சாப்பிடும்போது இவளுக்குச் சோறு இறங்காது. டாக்டர் என்ன சொன்னாலும், என்றைக்காவது அந்தத் தட்டில் மறுபடி தன் கை விழும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லோடு ஆட்டோவில் ஒரு மர மேசை வந்து இறங்கியது. பழைய சாமான் கடைச் சரக்கு. மேலெல்லாம் மைக்கறை.

"ஏளா, எதுக்கு இது?"

"சும்மாதான் மாமி," என்று சொல்லிக்கொண்டே இருவரும் அதை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். மும்தாஜால் படி ஏற முடியாது. அது தெரிந்துதானே மாடிக்குக் கொண்டுபோகிறார்கள்!

அப்புறம் மூன்று நாள் மேலே ரம்பச் சத்தம், சுத்தியல் சத்தம், இடையிடையே கெக்கெக்கே என்று சிரிப்பு. கேட்டால் இரண்டு பேரிடமும் ஒரே பதில்தான், சும்மாதான் மாமி.

பக்கத்து வீட்டு சாரம்மாள் மொட்டைமாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "மேசைக் கால நாலையும் பாதியில அறுத்துட்டாளுவ. மேல மெத்தைய வச்சு, மெரூன் துணிய இழுத்து அடிச்சு, அம்சமா ஒரு ஆசனம் செய்யுதாளுவ. ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். ஒங்களுக்குத்தான் இருக்கும்."

"ரெண்டு பேரு உக்காருத அளவுக்கா? நான் என்ன அம்புட்டு குண்டாவா இருக்கேன்?"

சாரம்மாள் அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

மும்தாஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலி என்றால் கால் ஆறும்வரை. மெத்தை வைத்த ஆசனம் என்றால் மௌத்தாகும்வரை. இனி ஆயுசுக்கும் ஓரத்தில்தான். அதுவும் சொகுசாக, ஊர் ஒரு குறை சொல்ல முடியாதபடி. என்னமாய்த் திட்டம் போட்டிருக்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் மூச்சு வாங்க அதைக் கீழே இறக்கி வந்து, அவள் நாற்காலிக்கு நேர் எதிரே வைத்தார்கள். மும்தாஜ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மாமி, இங்கன பாருங்க. நல்லா இருக்கா?"

"நாசமாப் போச்சு."

அடுக்களையிலிருந்து நெய்ச்சோற்று வாசம் வந்தது. டீப்பாயை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. நாலு மாதமாக அடக்கிவைத்திருந்தது அழுகையாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

"என்னைய ஒதுக்கணும்னா நேரா மூஞ்சிக்கு நேரே சொல்லுங்களா! இந்த மெத்தையெல்லாம் எனக்கு வேண்டாம். அதுல நான் உக்காரவே மாட்டேன்!"

"ஒங்கள யாரு மாமி அதுல உக்காரச் சொன்னா?"

ஜைத்தூனின் குரல் மிக அருகில் கேட்கவும் மும்தாஜ் திரும்பினாள். மெத்தையின் மேல் மருமகள்கள் இருவரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே டீப்பாயில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில், சஹனில் ஆவி பறந்தது.

அஸ்ஃபியா சொன்னாள்: "ஒங்களால கீழ வர முடியாதுல்லா. அதான் நாங்க மேல ஏறி வந்துட்டோம்."