முனிலட்சுமியின் வேலி

அளவுச் சங்கிலி முற்றிய ராகிக் கதிர்களை உரசிக்கொண்டு நீள்கிறது. ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர் சுயம்பு, எல்லை தாண்டிக் கர்நாடகத்துக் கிராமத்தில் வாங்கிய நிலத்தின்மீது காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பக்கத்து நிலத்து முனிலட்சுமி வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டாள் என்று ஒரு வருடமாகச் சண்டை. சர்வேயர் வேலிக்கு அப்பால், அவளுடைய ராகிக்குள் காலை ஊன்றி, “கல்லு இங்கதான் வரணும்” என்கிறார். சுயம்பு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டுகிறார். முனிலட்சுமி வேலியோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் முன்னால் போய் நிற்கிறாள். “எங்க பாப்பாவ இங்கதாங்க பொதைச்சிருக்குது. நெலத்த வித்தவருக்குத் தெரியும், இந்தப் பக்கம் ஏர் ஓட்டமாட்டாரு. நீங்க ஊருக்குப் புதுசு. மேல உழுதுடுவீங்களோன்னு பயந்துதான் வேலியத் தள்ளிப் போட்டேன்.” தூரத்து நெடுஞ்சாலையில் ஒரு லாரி இரைந்து ஓய்கிறது. சுயம்பு கடப்பாரையை மெல்லத் தரையில் கிடத்துகிறார். “நீங்க கெளம்புங்க சார். வேலி அங்கனயே கெடக்கட்டும்.” சர்வேயர் சங்கிலியைச் சுருட்டுகிறார். வரப்பில் நின்றிருந்த சுயம்புவின் மனைவி பவளம் செருப்பைக் கழற்றிவிட்டு ஆவாரஞ்செடி அருகே வந்து குனிகிறாள். “பிள்ளைக்குப் பேரு என்னக்கா?” முனிலட்சுமி செடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “வெக்கிறதுக்கு முந்தியே பூடுச்சும்மா.”