முடிச்சுப் போட்ட ஒயர்கள்

கிதார் ஒலியை மாற்றும் கால் பெடலைத் திறந்ததும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

“யாருங்க செஞ்சது?”

“என் வீட்டுக்காரிதான்,” என்றார் பெடலைக் கொண்டுவந்தவர். “நாளைக்கு மேடையில வாசிக்கணும், சத்தமே வரல.”

“ஒயர் கலரெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு. இதுல முடிச்சு வேற!”

பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கலர்தான் தாறுமாறு, ஒரு ஒயர்கூட இடம் மாறவில்லை. ஒரே ஒரு கெப்பாசிட்டரின் இரண்டு கம்பிக் கால்கள் மட்டும் தலைகீழ்.

“நீளமான கால் பிளஸ், வெள்ளைக் கோடு மைனஸ். இதுகூடத் தெரியாதா?”

“தப்பு என்னுதுங்க. உதவி பண்றேன்னு ரெண்டு காலையும் ஒரே அளவா வெட்டிக் குடுத்துட்டேன். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்ல. முடிச்சை எண்ணித்தான் ஒயரையே கண்டுபிடிப்பா.”

மெக்கானிக், பற்றவைக்கச் சூடாக இருந்த சால்டரிங் அயர்னை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஒயரைத் தொடப் பார்த்தார்.

மறுநொடியே கீழே வைத்துவிட்டார்.