முதல் தலை

பளபளக்கும் மொட்டைத் தலையோடு தெருவில் வந்த அருண்பாண்டியனைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் குப்பம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“முருகனுக்கே முடி தரமாட்டேன்னு சுத்திக்கினு இருந்தவனாச்சே நீ! ஷூ கம்பெனி மூடுனதும் மலைக்கு ஓடிட்டியா நைனா?”

“மலைக்குப் போவல அத்தே.”

“திருத்தணியில இருந்துக்கினு மொட்டையும் போட்டுட்டு, மலைக்குப் போவலையாம்! வேலை போனவங்களுக்கு கவர்மெண்டுல உதவித்தொகையோட தொழில் கத்துத் தராங்களாமே, அங்க போவலாமில்ல?”

“அங்கிருந்துதான் வரேன். இன்னைக்குப் பரீட்சை.”

“பாஸா?”

“ஆங்! ஒரு கீறல்கூட இல்ல, பாருங்க.” பெருமையாகத் தலையைக் குனிந்து காட்டினான்.

அவன் பின்னாலேயே கத்திப் பெட்டியோடு வந்தாள் அவன் மனைவி ஷோபனா. ஷூ கம்பெனியில் வேலை இழந்தவள் அவள்தான். முடிதிருத்தும் பயிற்சியின் கடைசிப் பரீட்சையில், பொம்பளை பிடித்த கத்தியை நம்பி யாரும் தலை கொடுக்கவில்லை.

குப்பம்மாள் அவனையே கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

“ஷோபனா, எனக்கு ஒரு மொட்டை வேண்டுதல் பாக்கி கிடக்குதுடி. ஆம்பளைகிட்ட தலை குனியக் கூச்சப்பட்டுத் தள்ளிப் போட்டுக்கினே வந்தேன். கிருத்திகைக்கு என்கூட மலைக்கு வரியா?”