பேரிமரத்துக் கல்

'மார்ச் 11, 1958, செவ்வாய். ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். தாத்தாவின் உயிலை நகலெடுத்தபோது 1937 என்பதை 1931 என்று எழுதியிருக்கிறேன். நாளை பதிவறைக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும்.'

"சரிபார்த்துட்டு அதையும் எழுதுவே. அதுல ஒரு தப்பு வரும். அதைத் திருத்த இன்னொரு நாள்," என்றான் இர்வின், தங்கையின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

ரோசினா டைரியை மூடினாள். "அடுத்தவங்க டைரியைப் படிக்கிற நேரத்துல பால் கேனைக் கழுவலாம்ல?"

"கழுவியாச்சு. வியாழக்கிழமை பெட்ரோல் பங்க் வைக்கிறவர் வர்றார். ஓடைப் பக்கத்து ரெண்டு ஏக்கரை அவருக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்."

"அது தாத்தா எனக்குக் கொடுத்தது. உயில்லயே இருக்கு. 'ஓடைக்கரைப் பேரிமரத்தில் தொடங்கும் இரண்டு ஏக்கர் என் பேத்தி ரோசினாவுக்கு'ன்னு."

"அப்பாவுக்கு அப்புறம் பண்ணை முழுக்க என் பேர்லதான் இருக்கு. நீ என்னடான்னா தேதியே தப்பாப் போட்ட நோட்டைக் காட்டறே. முத்திரை போட்ட நகலைக் கொண்டா ரோசி. வாயே திறக்காம அவரைத் திருப்பி அனுப்பிடறேன்."

"விக்க வேண்டாம் இர்வின்," என்றாள் அம்மா. அடுப்பில் கோழிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டே."

"விக்க வேண்டாம்," என்றாள் மறுபடியும்.

ரோசினாவும் எட்டிப் பார்த்தாள். மாலை வெயில் ஓடைவரை இறங்கிப் போய், மொட்டையாக நின்ற பேரிமரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ரெண்டு ஏக்கரில் அப்பா ஒரு நாளும் ஏர் இறக்கியதில்லை. புல் இஷ்டத்துக்கு வளரும். மரத்தடியில் ஒரு பலகைக்கல் உண்டு. சின்ன வயதிலிருந்து அதுதான் ரோசினாவின் நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. தண்ணீர்ச் சத்தம், வண்டுச் சத்தம், பிறகு எதுவுமே கேட்காத ஒரு சத்தம். ஏப்ரலில் மரம் பூத்ததும் அம்மா முதல் கிளையை ஒடித்து அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவாள். தனக்காகத்தான் என்று ரோசினா எடுத்துத் தலையில் செருகிக்கொள்வாள். அம்மா அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இனி அந்த இடத்தில் பெட்ரோல் வாடை வரும்.

மறுநாள் காலை பதிவறையில் மிஸஸ் ஃபெங்க்லர் புதினா மிட்டாய் டப்பாவை நீட்டினாள். மாலை வகுப்பில் குடும்ப வரலாறு படிக்கும் எல்லோரையும் அவளுக்குத் தெரியும்.

"உங்க லைன்பாக் குடும்பத்துல இன்னிக்கு யாரை எழுப்பணும் கண்ணு?"

"ரெண்டு பேரை. முதல்ல இந்த யோஹானஸ். ஜெர்மனியில ரைன் நதிக்கரையிலேர்ந்து கப்பலேறி இந்தப் பென்சில்வேனியாவுக்கு வந்தவரோட மகன். சர்ச் பதிவுல 1768-ல ஞானஸ்நானம்னு இருக்கு. ஆனா அவரோட அப்பா 1789-ல எழுதின உயில்ல, 'பதினெட்டு வயது நிரம்பாத என் மகன் யோஹானஸ்'னு வருது. கணக்குப்படி இருபத்தொண்ணு ஆகணும். நான்தான் எங்கேயோ தப்பா எழுதியிருக்கேன்."

"உலகத்துல எது தப்பானாலும் உன் பென்சில்தான் காரணமா? இது வேற யோஹானஸ். முதல்வன் குழந்தையிலேயே போயிருப்பான். அடுத்துப் பிறந்தவனுக்கு அதே பேர். நம்ம ஜனங்க அடுப்புச் சாம்பலைக்கூட வீணாக்க மாட்டாங்க. பேரை விடுவாங்களா?"

ரோசினா சிரித்துவிட்டு, 'யோஹானஸ்: இருவர்' என்று எழுதி அடிக்கோடிட்டாள். அந்த இரண்டாவது பையனை நினைத்துப் பார்த்தாள். யாரோ ஒருவனுக்குத் தைத்த சட்டையை அது தனக்கே தைத்தது என்று நம்பிக்கொண்டு ஓடைக்கரையில் ஓடியிருப்பான்.

"அடுத்தது?"

"எங்க தாத்தா. 1937-ல செத்துப்போனார். அப்போ எனக்கு ரெண்டு வயசு. கடைசி நாள்ல எழுதின உயில். எனக்கு முத்திரை போட்ட நகல் வேணும். நாளைக்குள்ள."

தாத்தாவே கையால் எழுதிய தாளை மிஸஸ் ஃபெங்க்லர் உறையிலிருந்து எடுத்து விரித்தாள். பழைய ஜெர்மன் கையெழுத்து. 1-க்கும் மூக்கு இருந்தது, 7-க்கும் மூக்கு இருந்தது.

"அதான் குழம்பியிருக்கே. இரு, கீழே எழுத்தாலயும் எழுதியிருக்கார்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் தடவிப் படித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. நீ எழுதினதுதான் சரி. கையெழுத்துப் போட்டது முப்பத்தொண்ணு. ஆள் போனப்புறம் பதிவானது முப்பத்தேழு."

"இருக்காது. இன்னொரு தடவை பாருங்க."

"சாட்சி ரெண்டு பேரும் அதே தேதிதான் போட்டிருக்காங்க. எதுக்கு இருக்காதுங்கறே? முத்திரை போடட்டுமா?"

ரோசினா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்; அவள் பிறந்தது முப்பத்தைந்தில். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பென்சில், தானாகவே நகர்ந்ததுபோல, அடிக்கோடிட்ட அந்த வரிமேல் போய் நின்றது.

'மார்ச் 12, புதன். தேதியில் தப்பில்லை. முத்திரை வாங்கவில்லை. நாளைக்கு: பெட்ரோல் பங்க் ஆள் வருவதற்கு முன்பு இர்வினைப் பேரிமரத்தடிக்குக் கூட்டிப்போய் எங்கள் அக்கா ரோசினாவைக் காட்ட வேண்டும். கல்லின் மேல் உட்காரக் கூடாது.'