தாமாக நடந்த பட்டைகள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். நாக்குக்கும் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் துணிந்தே சத்தியம் செய்கிறேன். தசைகளை ஒவ்வொன்றாகச் சாகடிக்கும் ஏ.எல்.எஸ். நோயில் என் பாதங்கள் தொங்கிப்போனதும், ஆஸ்பத்திரியில் கால்தாங்கி செய்யும் அருளப்பன் என்பவர் மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, பாதத்தைத் தூக்கிப் பிடிக்க முழங்கால்வரை வரும் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் செய்து கொடுத்தார். மாட்டியதும் அவை நடந்தன; நான் மேலே நின்றபடி போய்ச் சேர்ந்தேன். மறுவாரம் நான் விழிப்பதற்குள் அவை தனியாகவே கிளம்பிவிட்டன. பக்கத்து வீட்டு சுகந்தி வந்து கேட்டாள்.

"மாமா, உங்க காலு ரெண்டும் டவுன் பஸ்ல ஜன்னலோரமா உக்காந்திருந்துச்சே, நீங்க போகலையா?"

"அது ரெண்டு பேர் சீட்டும்மா, எனக்கு இடமில்ல" என்றேன்.

சாயங்காலம் அவை திரும்பி வந்தன. என் மனைவி செண்பகம் அவற்றின் மண்ணைத் துடைத்துக்கொண்டே கெஞ்சினாள்.

"நாளைக்காவது இவரையும் கூட்டிட்டுப் போங்கய்யா. வாசல் வரைக்கும் போதும்."

அவை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

நிஜத்தில், அச்செடுத்துப் பட்டைகள் வந்துசேர மூன்று மாதமானது. அதற்குள் என்னால் எழுந்து நிற்க முடியாமல் போனதால், அவற்றின் உறையை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை.